தாத்தாவின் புல்லட்டும் கெட்டரிங் என்கிற மனிதரும்

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. இந்தத் தடவை சரித்திரம் தேடி ரொம்ப தூரம் போகவில்லை. எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை வரைக்கும்தான் போனேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

கொட்டகையில் மாடு இல்லை. தாத்தாவின் புல்லட் 350 நிற்கிறது. 1978-ல் வாங்கியது. தாத்தா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். பண்ருட்டியைச் சுற்றியுள்ள பலாத்தோப்பு, முந்திரித்தோப்பு வழியெல்லாம் இந்த வண்டியில்தான் போய் வந்தார். 2019-ல் அவர் காலமானார். 2020 ஊரடங்கு சமயத்தில் அப்பா ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விட்டாராம். அதற்கப்புறம் யாரும் தொடவில்லை.

இந்த லீவுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "ஆர்.சி. புதுப்பிக்கிற நேரம் வந்துடுச்சு. ஓடாத வண்டிக்கு எதுக்குச் செலவு? பொங்கலுக்குள்ள ஸ்டார்ட் ஆனா வச்சுக்கலாம். இல்லாட்டி போகியோட போகட்டும், எடைக்குப் போட்டுடலாம்." பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால் அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. வண்டி மேல் போட்டிருந்த பழைய போர்வையை எடுத்து உதறி மறுபடி போர்த்திவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மெக்கானிக்கல் ஒன்றும் தெரியாது. அதனால் தாத்தா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்த்த மெக்கானிக் பாயைப் போய்க் கூப்பிட்டேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கடையை மூடிவிட்டார். "உங்க தாத்தா வண்டியா? வர்றேன் தம்பி" என்று ஸ்பேனர் பையோடு வந்துவிட்டார்.

அவர் கழற்றக் கழற்ற நான் கேள்வி கேட்டேன். ராத்திரி உட்கார்ந்து படித்தேன். வண்டியில் கெட்டுப்போயிருந்த ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், கரண்ட் கோளாறின் கதையும் பெட்ரோல் கோளாறின் கதையும் கடைசியில் ஒரே ஆளிடம் போய் முடிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூர்

முதலில் வண்டியின் பூர்வீகம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த கம்பெனி, மிடில்செக்ஸில் உள்ள என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்தது. ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் வந்தது அப்படித்தான். 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். புல்லட் என்ற பெயர் 1932-லிருந்து வருகிறது. நமக்குத் தெரிந்த உருவத்தில் 350 புல்லட் வந்தது 1949-ல்.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு நம் ராணுவத்துக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் எல்லாப் பாகமும் இங்கேயே செய்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இங்கிலாந்துத் தாய்க்கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடப்பட்டது. திருவொற்றியூர்ப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது!

அதற்கு அடுத்த வருடம் வாங்கியது எங்கள் தாத்தாவின் வண்டி. அடிப்படை டிசைன் 1949-ஐ ஒட்டியது. ஆறு வோல்ட் பேட்டரி, பாயிண்ட் இக்னிஷன், கார்பரேட்டர். செல்ஃப் கிடையாது, உதைதான்.

முள் சொன்ன சேதி

பாய் முதலில் இஞ்சினைத் தொடவே இல்லை. சாவியைப் போட்டு, ஹெட்லைட் மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்த்தார். நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் பிளஸ், இன்னொரு பக்கம் மைனஸ் என்று ஒரு சின்ன முள். "டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி தம்பி. இது பேசினாத்தான் மத்ததெல்லாம்" என்றார். முள் அசையவே இல்லை.

பேட்டரி செத்திருந்தது. ஈய-அமில பேட்டரியை 1859-ல் கண்டுபிடித்தவர் கஸ்டோன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர். உலகின் முதல் மறு-சார்ஜ் பேட்டரி அதுதான். அதன் குணம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றே: சார்ஜ் இல்லாமல் சும்மா கிடந்தால் தட்டுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. ஐந்து வருடம் சும்மா நின்ற வண்டியில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? குற்றம் வண்டி மேல் இல்லை, எங்கள் மேல்தான்.

கடலூர் போய் புது ஆறு வோல்ட் பேட்டரி வாங்கி வந்து மாட்டினோம். அப்போதும் முள் அசையவில்லை. பாய் சிரித்தார். பேட்டரியிலிருந்து பிரேமுக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றிக் காட்டினார். முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து முடுக்கினோம். ஹெட்லைட்டைப் போட்டதும் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியே போகிறது என்று அர்த்தம்.

லைட்டை அணைத்துவிட்டு, இக்னிஷனை மட்டும் போட்டு, டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அமுக்கச் சொன்னார். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸுக்குப் போக வேண்டும், திறக்கும்போது பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். பழைய புல்லட்காரர்கள் உதைக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பதே இந்த முள்ளின் ஆட்டத்தை வைத்துத்தான். எங்கள் முள் ஆடவில்லை. "லைட்டுக்குக் கரண்ட் வருது, இக்னிஷனுக்குப் போகலை. அப்போ பாயிண்ட்டுதான்" என்று தீர்ப்பு வந்தது. மல்டிமீட்டர்கூடத் தேவைப்படவில்லை!

டேட்டனில் ஒரு கொட்டகை

இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். சார்லஸ் கெட்டரிங். 1876-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர். டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி மெஷின் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். வேலை நேரம் போக, நண்பர் எட்வர்ட் டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் காருக்கான மின்சாமான்களைச் செய்து பார்த்தார். 1909-ல் இருவரும் டெல்கோ கம்பெனியைத் தொடங்கினார்கள். அடுத்து வந்த கேடிலாக் கார்களில் அவருடைய இக்னிஷன் ஏறியது. 1912 கேடிலாக்கில் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டரும் வந்தது. அதுவரை கார் ஸ்டார்ட் பண்ண கையால் சுழற்றும் கம்பியால் கை உடைந்தவர்கள் ஏராளம்.

அவருக்கு முன்னால் தீப்பொறிக்கு மேக்னெட்டோவைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் கம்பெனியின் காட்லோப் ஹோனோல்ட் 1902-ல் உயர் அழுத்த மேக்னெட்டோவைக் கொண்டு வந்தார். அதற்கு பேட்டரி வேண்டாம், சுற்றினால் தானே கரண்ட் வரும். ஆனால் விலை அதிகம். மெதுவாகச் சுற்றினால் பொறி பலவீனம். கெட்டரிங் வேறு வழி பிடித்தார். பேட்டரி, காயில், பாயிண்ட், கண்டென்சர். இந்த நான்குதான்.

அது வேலை செய்கிற விதம் எளிது. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரி கரண்ட் காயிலுக்குள் ஓடி ஒரு காந்தப்புலம் உண்டாகும். பாயிண்ட் சட்டென்று திறந்ததும் அந்தக் காந்தப்புலம் சரியும். சரியும் வேகத்தில் காயிலின் இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாகப் பாயும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்தூண்டல்தான் இது. பாயிண்ட் திறக்கும் இடத்திலேயே கரண்ட் தாவி வீணாகாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சரின் வேலை.

ஆறு வோல்ட்டிலிருந்து பல ஆயிரம் வோல்ட் வரும் இந்த வித்தை முழுவதும் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் சுத்தமாகத் தொடுவதை நம்பி இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் பொட்டுகள் ஓரளவு சுத்தமாகவே இருக்கும். நின்றுபோனால் ஈரக்காற்று பட்டு மேலே ஒரு படலம் உண்டாகும். ஆறு வோல்ட்டால் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாது. பாய் மிக நைசான உப்புத்தாளை மடித்து இரண்டு பொட்டுக்கும் நடுவில் விட்டு நான்கு இழுப்பு இழுத்தார். சுத்தமான துணியால் துடைத்தார். ஃபீலர் கேஜ் வைத்து 0.015 அங்குல இடைவெளி வைத்தார். இப்போது கிக்கரை அமுக்கினால் முள் தலையாட்டியது!

அடுத்து பிளக்கைக் கழற்றி இஞ்சின் மேல் வைத்துப் பொறி பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றித் தெருத் திண்ணைக்குக் கொண்டு போகச் சொன்னார் பாய். "பெட்ரோல் வாடை இருக்கிற இடத்துல பொறி பார்க்கக் கூடாது தம்பி." நீங்களும் இதை மறக்காதீர்கள். நீலப்பொறி 'டக் டக்' என்று பாய்ந்தது. கரண்ட் பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

வார்னிஷ் வாசனை

டேங்க் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வரவில்லை. வார்னிஷ் வாடை வந்தது. பெட்ரோல் என்பது பல பொருள்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் பறந்துவிடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து கோந்து மாதிரி ஆகிவிடும். சில மாதங்களிலேயே இது தொடங்கிவிடும், எங்களுடையது வருடக் கணக்கு. அடியில் ஊற்றிப் பார்த்தால் தண்ணீரும் துருவும் தனியாக நின்றன.

பாய் டேங்க்கில் ஒரு கைப்பிடி நட்டுகளும் கொஞ்சம் டீசலும் போட்டு எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிக் குலுக்க வைத்தார். இருவர் என்றால் நானும் அப்பாவும்! அப்பா "சத்தம் தாங்கலையே" என்று பார்க்க வந்தவர், மாட்டிக்கொண்டார்.

பிறகு கார்பரேட்டர். வேகமாகப் போகும் காற்றில் அழுத்தம் குறையும் என்று 1797-ல் எழுதியவர் இத்தாலிக்காரர் வெஞ்சூரி. அதைப் பயன்படுத்தி, மிதவை வைத்து, ஊசித்துளை வழியாகப் பெட்ரோலைத் தூவும் கார்பரேட்டரை 1893-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் செய்தார். அதே வருடம் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் அதே யோசனைக்கு வந்தார்கள். அதுவரை பெட்ரோலை ஒரு பாத்திரத்தில் ஆவியாக விட்டு இஞ்சின் உறிஞ்சிக்கொண்டிருந்தது. நம்மூர் பாசஞ்சர் ரயில் வேகம்தான் :-)

எங்கள் கார்பரேட்டரில் மிதவைக் கிண்ணம் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் படிவு. ஸ்லோ ஜெட்டின் துளையில் தையல் ஊசிகூட நுழையாது, அவ்வளவு சின்னது. அது முழுக்க அடைத்திருந்தது. பழைய ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உரித்து மெதுவாகக் குத்தி, காற்றடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது.

"இந்தப் பச்சை முன்னெல்லாம் இவ்வளவு வராது. பெட்ரோல் மாறிப்போச்சு" என்றார் பாய். அது உண்மையா என்று தேடப்போய்த்தான் மறுபடியும் கெட்டரிங்கிடம் போய் நின்றேன்.

மறுபடியும் கெட்டரிங்

அந்தக் காலத்து கார்களில் 'நாக்கிங்' என்று ஒரு தொல்லை. இஞ்சினுக்குள் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் திடீரென்று வெடித்து சுத்தியலால் அடிப்பது போல் சத்தம் வரும். கெட்டரிங்கின் புது இக்னிஷன்தான் இதற்குக் காரணம் என்று பழி சொன்னார்கள். அவர் நம்பவில்லை. 1916 வாக்கில் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளரிடம் விசாரிக்கும் வேலையைக் கொடுத்தார். தப்பு பொறியில் இல்லை, எரிபொருளில்தான் என்று நிரூபணம் ஆனது. கெட்டரிங் ஜெயித்தார்.

அப்படியானால் எரிபொருளில் எதைக் கலப்பது? இரண்டு வழிகள் கண்ணெதிரே இருந்தன. ஒன்று எத்தனால், அதாவது சாராயம். நாக்கிங்கை நன்றாகத் தடுக்கும். கெட்டரிங்கும் மிட்ஜ்லியும் இதைக் கொஞ்ச காலம் ஆதரித்துப் பேசவும் செய்தார்கள். இன்னொன்று 1921 டிசம்பரில் மிட்ஜ்லி கண்டுபிடித்த டெட்ராஎத்தில் ஈயம். ஒரு காலனுக்குச் சில கிராம் போதும், செலவு குறைவு, காப்புரிமையும் கிடைக்கும். எத்தனாலோ பத்து, இருபது சதவீதம் கலக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். ஈயம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1923-ல் விற்பனைக்கு வந்தது.

ஈயம் விஷம் என்பது அப்போதே தெரியும். 1924 அக்டோபரில் நியூஜெர்சி சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் இந்த ஈயத்தைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐந்து பேர் புத்தி பேதலித்துச் செத்தார்கள். ஆனாலும் விற்பனை நிரந்தரமாக நிற்கவில்லை. அடுத்த ஐம்பது, அறுபது வருடம் உலகம் முழுக்க ஒவ்வொரு வண்டியின் புகையிலும் ஈயம் போனது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது என்பது பிறகு நிலைநாட்டப்பட்டது. இந்தியாவில் 2000-ல்தான் ஈய பெட்ரோல் முழுதாக நிறுத்தப்பட்டது. உலகத்தின் கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021-ல்.

தாத்தாவும் இருபது வருடத்துக்கு மேல் ஈய பெட்ரோல்தான் போட்டு ஓட்டியிருக்கிறார். டேங்க்குக்கு முன்னால் அப்பாவை உட்கார வைத்து!

இப்போது எத்தனாலுக்கு வருவோம். அன்றைக்குத் தள்ளிவைத்த அதே எத்தனால், வேறு காரணங்களுக்காகத் திரும்பி வந்திருக்கிறது. 2003-ல் இந்தியாவில் சில மாநிலங்களில் ஐந்து சதவீதம் கலக்கத் தொடங்கினார்கள். 2022-ல் நாடு முழுக்கப் பத்து சதவீதம் எட்டியது. 2023 பிப்ரவரியில் இருபது சதவீத பெட்ரோல் சில பங்க்குகளில் வந்தது. 2025-ல் அதுவே நாடு முழுக்க வழக்கமானது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், கரும்பு விவசாயிக்கு வருமானம், புகை குறைவு என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்.

எத்தனாலுக்கு ஒரு குணம், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடும் வண்டியில் ஈரம் சேருவதற்குள் பெட்ரோல் தீர்ந்துவிடும், பிரச்சினையில்லை. நிறுத்திய வண்டியில் ஈரம் சேர்ந்துகொண்டே போகும். ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். அங்கேதானே டேங்க்கின் குழாய் இருக்கிறது! பித்தளையும் துத்தநாகக் கலவையும் அரிக்கும், பழைய ரப்பர் உப்பும். பாய் சொன்னது சரிதான். ஆனால் எத்தனால் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலும் ஐந்து வருடம் கிடந்தால் கோந்துதான் ஆகும்.

நூறு வருடத்துக்கு முன்னால் ஓஹையோவில் எடுத்த ஒரு முடிவு, பண்ருட்டி மாட்டுக்கொட்டகையில் அடைத்துக்கொண்ட ஒரு ஜெட். பொறி, ஈயம், எத்தனால் மூன்றையும் ஒரே மனிதர் தொட்டிருக்கிறார். சரித்திரம் படிப்பது வேலைக்கு ஆகாது என்று சொல்லும் நண்பர்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

ஸ்டார்ட் ஆனதா?

புது ரப்பர் டியூப், வாஷர், ஒரு லிட்டர் புது பெட்ரோல். முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸர் பிடித்து, விட்டு, உதை. ஏழாவது உதையில் 'டப்' என்று ஒரு சத்தம். ஒன்பதாவதில் பிடித்துக்கொண்டது. 'டுக் டுக் டுக்...' ஆத்தா அடுப்படியிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றார்.

கால் மணி நேரத்தில் அணைந்துவிட்டது. அப்பா முகம் சுருங்கியது. சூடு ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆனது, சூடானதும் மறுபடி அணைந்தது. பாய் யோசிக்கவே இல்லை. "சூட்டுல நின்னா கண்டென்சர்." மாற்றினோம். நாங்கள் மாற்றியதிலேயே சின்ன சாமான் அதுதான். அதற்கப்புறம் நிற்கவில்லை.

பாயிடம் "இதையெல்லாம் இப்போ யார் செய்வாங்க?" என்று கேட்டேன். "பாயிண்ட் வண்டியே வர்றதில்லையே தம்பி. என் பசங்களுக்கே தெரியாது" என்றார். அவர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்: மாதம் ஒருமுறையாவது பத்து கிலோமீட்டர் ஓட்டு. நிறுத்துவதானால் பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டரைக் காலி பண்ணு. பேட்டரி ஒயரைக் கழற்று, அவ்வப்போது சார்ஜ் ஏற்று. பிரச்சினை வந்தால் முதலில் கரண்ட், அப்புறம் பெட்ரோல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

ஆர்.சி. விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அப்பா நேற்று காலையில் "பெட்ரோல் பழசாயிடும்ல, ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்" என்று வண்டியை எடுத்தார். கடலூர் ரோடு பக்கம் போனவர் மத்தியானம்தான் வந்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்னென்ன பேப்பர் வேண்டும் என்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது பழைய வண்டி நின்றால் முதலில் எர்த் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பாய் இருந்தால் சீக்கிரம் போய்க் கூப்பிடுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.